எங்க சின்னவனுக்கு என்ன தெரியும்?

போன வாரம் மல்லாட்டை ஆய்ஞ்சு முடிச்சோம். மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலைதான், எங்க செஞ்சிப் பக்கம் அதுக்கு இதுதான் பேரு. களத்துல உட்கார்ந்து ஆய்ஞ்சுட்டிருந்த ஒரு அம்மா, தொட்டி ஓரமா உட்கார்ந்திருந்த என் தம்பி பையனை ரொம்ப நேரமா பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏங்க, இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு பெரிய தெறமை இருக்குமாமே. டிவியில பார்த்தேன். இவனுக்கு இன்னா தெறமை?"

கெட்ட மனசோட கேட்கலை. அந்த அம்மாவுக்கு வயசு அறுபதுக்கு மேல. முன்னாடியெல்லாம் இப்படிப் பிள்ளைகளை "பைத்தியம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. இப்ப திறமை என்னன்னு கேட்கிற அளவுக்கு வந்திருக்குன்னா அது சினிமா, டிவி செஞ்ச வேலைதான். ஆனா இதே கேள்வியை நானும் எங்க சின்னவன்கிட்ட கேட்டிருக்கேன். அதுல ஒரு தப்பும் பண்ணியிருக்கேன். அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

சின்னவனுக்கு இப்ப 17 வயசு. ஆட்டிசம். மூணு வயசு வரைக்கும் பேசலை, கூப்பிட்டா திரும்பலை, காது கேட்கலைன்னு நினைச்சோம். டாக்டர் சொன்ன பிறகும் அந்த வார்த்தை எங்களுக்குப் புரியலை. இன்னைக்கும் பத்துப் பதினைஞ்சு வார்த்தைதான் பேசுவான். "தண்ணி", "போலாம்", "வேணாம்". என்னை "பெப்பா"ன்னு கூப்பிடுவான், பெரியப்பா சுருங்கி அப்படி ஆயிடுச்சு.

அந்த வார்த்தை எங்க வீட்டுக்குப் புரிஞ்சது ஒரு சினிமாவாலதான். 2013-ல வந்த ஹரிதாஸ். நாங்க பார்த்தது சில வருஷம் கழிச்சு, டிவியில. கிஷோர் போலீஸ்காரரா வருவார். பையனைப் பாட்டி வளர்ப்பாங்க, பாட்டி செத்த பிறகு அப்பன் கைக்கு வரும் அந்தப் பிள்ளை. வேலைக்கு லீவு போட்டுட்டு மகன் பின்னாலேயே அலைவார். சிநேகா டீச்சர். பையனா நடிச்ச பிருத்விராஜ் தாஸோட பார்வையைப் பார்த்ததும் என் தம்பி பொண்டாட்டி "மாமா, அப்படியே நம்ம சின்னவன் பார்க்கிற மாதிரியே இருக்கு பாருங்க"ன்னு சொல்லுச்சு. என் தம்பி பாதியிலேயே எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினான். ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த மாடு தண்ணி கேட்குது? அழுதிருப்பான்.

அந்தப் படத்துல பையனுக்கு ஓட்டம் வரும். ஓடி ஜெயிப்பான். நாங்க கடைசியா மனசுல பிடிச்சுக்கிட்டது அதைத்தான்.

மறுநாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு சின்னவனை எழுப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவன் எப்பவும் முன்னங்காலை ஊன்றித்தான் நடப்பான், குதிகால் தரையில படாது. ஓட்டக்காரனுக்கு உண்டான காலுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நான் முன்னாடி ஓட, அவன் அங்கேயே உட்கார்ந்து மண்ணை அள்ளி விரலிடுக்குல ஒழுக விட்டுட்டிருந்தான். கையைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு நாள் பத்தடி வந்தான். நாலாம் நாள் தன் கையையே கடிச்சுக்கிட்டான். வீட்டுல தம்பி பொண்டாட்டி பல் பதிஞ்ச இடத்துல மஞ்சள் வச்சுது, என்னை ஒண்ணும் கேட்கலை. நானா நிறுத்திட்டேன்.

அதோட விட்டேனான்னா இல்லை. பொங்கலுக்கு வந்த என் மக லேப்டாப்ல ரெயின் மேன் படம் போட்டுக் காட்டுச்சு. 1988-ல வந்த அமெரிக்கப் படம், சிறந்த படம்னு ஆஸ்கர் வாங்கினது. டஸ்டின் ஹாஃப்மேனுக்கும் நடிப்புக்கு ஆஸ்கர். ரேமண்ட்னு ஒரு ஆட்டிசக்காரர். ஓட்டல்ல பல்குத்தி டப்பா கீழே கொட்டும். ஒரு பார்வையில 246-ன்னு சொல்லிடுவார். டப்பாவுல 250, நாலு உள்ளேயே தங்கியிருக்கும். சூதாட்ட மேசையில சீட்டையெல்லாம் ஞாபகம் வச்சுத் தம்பிக்குப் பணம் ஜெயிச்சுக் கொடுப்பார்.

அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தெரியாம ஒரு கை மல்லாட்டையை அள்ளித் திண்ணையில கொட்டினேன். "எவ்வளவு சின்னவனே?" அவன் பார்த்தான். ஒண்ணை எடுத்தான், உரிச்சான், தின்னான். அப்புறம் இன்னொண்ணு. நான்தான் எண்ணினேன், மீதி 41 இருந்துச்சு.

அந்த ரேமண்ட் பாத்திரத்துக்குத் தூண்டுதலா இருந்தவர் கிம் பீக்னு ஒரு அமெரிக்கர். ஆயிரக்கணக்கான புத்தகத்தை மனசுல வச்சிருந்தவர். பிறவியிலேயே மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பாகம் அவருக்கு இல்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசமே இல்லைன்னு பின்னாடி டாக்டர்கள் சொன்னாங்களாம். என் மக இதைப் படிச்சுச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வரலை. ஆட்டிசம் இல்லாத ஒருத்தரோட திறமையைப் படத்துல பார்த்துட்டு, செஞ்சிப் பக்கத்துல ஒரு கிழவன் பிள்ளை முன்னாடி மல்லாட்டையைக் கொட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்.

இப்ப என் தப்புக்கு வரேன். ஆடி மாசம், கூழ் ஊத்தற திருவிழா. வெளியூர்லேருந்து வந்த ஒரு சொந்தக்காரர் சின்னவனைப் பார்த்து "பாவம்"னு உச்சுக் கொட்டினார். எனக்குப் பொறுக்கலை. "பாவம் எதுக்கு? எந்தத் தேதி சொன்னாலும் என்ன கிழமைன்னு சொல்லிடுவான்"னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். பச்சைப் பொய். அவர் உடனே கூட்டத்தைக் கூப்பிட்டார். பத்துப் பேர் சுத்தி நின்னாங்க. "தம்பி, 1971 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? சொல்லு சொல்லு." பக்கத்துல பம்பைச் சத்தம் வேற. சின்னவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, கோயில் சுவத்துல தலையை மோத ஆரம்பிச்சான். அவங்கப்பன் ஓடி வந்து அவன் நெத்திக்கும் சுவருக்கும் நடுவுல தன் கையைக் கொடுத்தான். கை மேலேயே அஞ்சாறு தடவை மோதினான்.

வீட்டுக்கு வந்து தம்பி பொண்டாட்டி சொன்னது ஒரே வார்த்தை. "மாமா, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே சொல்லிடுங்க. எங்களுக்குப் பரவாயில்ல."

அதுக்கப்புறம் இந்த மாதிரிப் படங்களை வேற கண்ணோட பார்க்கிறேன். மை நேம் இஸ் கான் 2010-ல வந்துச்சு. ஷாருக்கானுக்கு மஞ்சள் கலர் ஆகாது, சத்தம் ஆகாது. அது நிஜம், எங்க வீட்டுலயும் மிக்ஸி போட்டா இவன் தோட்டத்துக்கு ஓடிடுவான். ஆனா எதைக் கொடுத்தாலும் ரிப்பேர் பண்ணிடுவார், அமெரிக்க ஜனாதிபதியையே போய்ப் பார்ப்பார். 2022-ல வந்த எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ, கொரியா சீரியல், என் மக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லப் பார்த்தேன். வக்கீல் பொண்ணு, சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம், திமிங்கலம்னா உயிர். அது தினமும் கிம்பாப்னு ஒரு சோத்துச் சுருளைத்தான் சாப்பிடும். உள்ள என்ன இருக்குன்னு வெளியிலேயே தெரியும், வாயில வச்ச பிறகு திடுக்குனு எதுவும் வராதுன்னு காரணம் சொல்லும். நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். சின்னவன் சோத்துல குழம்பு ஊத்தினா தட்டையே தள்ளிடுவான். சோறு தனி, அப்பளம் தனி. அடம்னு நினைச்சு எத்தனை தடவை அதட்டியிருக்கேன்.

அதே சீரியல்ல மூணாவது பாகத்துல இன்னொரு பையன் வருவான். அவனுக்கும் ஆட்டிசம்தான், சரியாப் பேச வராது. அவனைப் பெத்தவங்களுக்கு இந்த வக்கீல் பொண்ணைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும். அவங்க முகத்தை நான் எங்க வீட்டுல பார்த்திருக்கேன். ஆனா அந்தப் பையன் ஒரு பாகத்தோட சரி. கதை வக்கீல் பொண்ணோடதான் போகும்.

படம் எடுக்கிறவங்க கஷ்டமும் புரியுது. ரெண்டரை மணி நேரம் ஜனங்களை உட்கார வைக்கணும். ஆனா ஊர் ஏத்துக்கணும்னா இந்தப் பிள்ளை ஏதாவது ஒரு கூலி கொடுத்தாகணும்ங்கிற மாதிரி இல்ல இருக்கு? பர்ஃபி (2012) படத்துல பிரியங்கா சோப்ரா பாத்திரத்துக்கு அப்படி ஒரு வித்தையும் கிடையாது, அவளைச் சும்மா பிடிச்சுப் போகும் ஒருத்தனுக்கு. போன வருஷம், 2025-ல வந்த சிதாரே ஜமீன் பர் படத்துல இந்த மாதிரிப் பிள்ளைகள் 10 பேர் அவங்களே நடிச்சாங்க. அந்த மாதிரி இன்னும் வரட்டும்.

எந்தப் படத்துலயும் நான் பார்க்காதது முடிவெட்டறது. இவனுக்கு முடிவெட்ட மூணு ஆள் வேணும். கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை ரத்தம் வந்துடுச்சு. இப்பல்லாம் அவன் தூங்கற நேரமாப் பார்த்துத் தம்பி கத்திரியால வெட்டுவான். ஒரு பக்கம் வெட்டி முடிக்கும்போது முழிச்சுப்பான். மறுபக்கம் அடுத்த வாரம். ஒரு வாரம் ஊரே பார்த்துச் சிரிக்கும்.

ரெயின் மேன் கடைசியில அந்த அண்ணனை ரயில்ல ஏத்தி, அவர் இருந்த விடுதிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த இடம் மட்டும் எனக்கு மறக்கலை. என் தம்பிக்கு 48 வயசு. எனக்கு 56. எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யார் கத்திரி பிடிப்பாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதில்லை. ஒரே வரப்புல நடந்து போவோம், உரம் விலையைப் பேசுவோம்.

களத்துல கேட்ட அந்த அம்மாகிட்ட இந்தத் தடவை பொய் சொல்லலை. "தெறமைன்னு ஒண்ணும் இல்லைம்மா. குழம்பு ஊத்தாத சோறு பிடிக்கும். மோட்டார் தண்ணியில கை வச்சுட்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்கும்"னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எனக்குந்தான் பிடிக்கும்"னு சொல்லிட்டு மறுபடி ஆய ஆரம்பிச்சுட்டாங்க.

மூணு ஃபேஸ் கரண்ட் வர்ற நேரம். மோட்டார் போடப் போகணும். அவன் இப்பவே தொட்டிகிட்ட போய் உட்கார்ந்துட்டான்.