முழத்துக்கு எத்தனை கண்ணி

பூ வாங்குகிறவர்கள் எல்லாரும் பூக்காரம்மாவின் கையைத்தான் பார்க்கிறோம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். கடைசி நொடியில் அந்த விரல் லேசாக மடங்குகிறதா இல்லையா என்பதில்தான் நம் கவனமெல்லாம். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டிலிருந்து உதிரிப் பூ வாங்கிவந்து, கடைகளுக்குக் கூலிக்குச் சரம் கட்டிக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"விரல மடக்கி என்ன தம்பி கிடைக்கும்? ஒரு இஞ்சு. அதையும் 'கொசுறு போடு'ன்னு மாமிங்க திருப்பி வாங்கிடுவாங்க. கண்ணிய எண்ணுங்க. எல்லாம் அதுலதான் இருக்கு."

நார் நனைந்து கிடந்த பாத்திரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்பும் காம்பும் எதிரெதிராக. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் சுருக்குப் போட்டு, காம்புகளின்மேல் இறக்கி ஓர் இழுப்பு. அது ஒரு கண்ணி. அடுத்த கண்ணி அதை உரசிக்கொண்டு உட்கார்ந்தால் நெருக்கம். ஒரு விரல் அகலம் தள்ளி உட்கார்ந்தால் கலக்கம். இரண்டு விதமாகவும் கட்டிக் காட்டச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் நெருக்கமான முழத்தில் 40 கண்ணியைத் தொட்டது. கலக்கமான முழத்தில் 25 தேறவில்லை.

காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் மல்லி சாயங்காலம் விரிகிற பூ. பறித்த பிறகும் அதற்கு நேரம் தெரியும். பொழுது சாய்ந்ததும் மொட்டு வாய் திறந்து, இதழ் பரப்பி, இடைவெளியை மூடிவிடும். நாம் ஆபீஸ் விட்டு வந்து வாங்கும் நேரத்தில் இரண்டு சரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மறுநாள் காலையில் தலையிலிருந்து எடுக்கும்போது நாரின் நீளம் வெறுமையாகத் தெரியுமே, அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் யார் போய்ச் சண்டை போடப் போகிறார்கள்?

இதைக் கட்டுகிறவரின் திருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. உதிரியை எடை போட்டுக் கொடுக்கும்போதே, "இந்தக் கிலோவில் இத்தனை முழம் வரணும்" என்று கடைக்காரர் சொல்லிவிடுகிறார். பூ விலை ஏறினால் முழக் கணக்கும் ஏறும். அக்காவுக்குக் கூலி முழத்துக்கு இவ்வளவு என்று. கலக்கமாகக் கட்டினால் வேலை வேகமாக ஓடும், கூலியும் கொஞ்சம் கூடும்தான். ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. "கை நெருக்கத்துக்கே பழகிடுச்சு. கலக்கமா கட்டச் சொன்னா கைய இழுத்துப் புடிச்சுக்கிட்டே கட்டணும். அது ஒரு வேதனை."

பிஸ்கட் பாக்கெட்டில் விலையை ஏற்றாமல் எண்ணிக்கையைக் குறைப்பார்களே, அதே வேலைதான். முழம் விலை நேற்று சொன்னதுதான் இன்றும். உள்ளே கண்ணி குறைந்திருக்கும். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மெட்ரிக் அளவில்தான் எதையும் விற்க வேண்டும். முழமே சட்டத்துக்குப் புறம்பான அளவு. நாளைக்கு எல்லாக் கடையிலும் ஸ்கேல் வைத்து 45 சென்டிமீட்டர் அளந்து கொடுத்தாலும் கண்ணிக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே கமிஷன் கடைகளில் மூட்டை இறங்குகிறது. எட்டரை, கோப்பு பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பூவும் உண்டு, வெளிமாவட்டப் பூவும் உண்டு. இங்கே மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறவர்தான் விஷயம் தெரிந்தவர். மேலாக இருக்கும் பூவை யாரும் பார்ப்பதில்லை. கை அடிவரை போகும். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூ வெகுநேரம் அடைபட்டுக் கிடந்தது என்று அர்த்தம். பறித்த பூவும் மூச்சு விடுகிறது. காற்றோட்டம் இல்லாத மூட்டையில் அந்த மூச்சே சூடாகி மொட்டைப் பழுப்பாக்குகிறது. சூடு வராமலிருக்க ஐஸ் வைப்பார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: அதிகம் குளிர்ந்த மொட்டு சாயங்காலம் விரியாது, மொட்டாகவே நிறம் மாறிப்போகும். அதனால் சில்லென்று விறைத்த பூவையும் ஒதுக்குகிறார்கள். சம்பங்கியிலும் ரோஜாவிலும் தண்ணீர் பார்க்கிறார்கள். ஈரம் எடையில் ஏறும். ஒரு கை அள்ளி உதறிவிட்டுத் தராசில் போடச் சொன்ன ஒருவரைக் கடைக்காரர் முறைத்ததையும் பார்த்தேன்.

கவனித்துப் பாருங்கள், இதில் எந்த இடத்திலும் மூக்குக்கு வேலை இல்லை. மல்லியை மோந்து பார்த்து வாங்கும் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை. அக்காவிடம் கேட்டபோது, "பெருமாளுக்குப் போறது எது, மாமி தலைக்குப் போறது எதுன்னு கூடையில எழுதியா இருக்கு? அதனால எதையுமே மோக்கறதில்ல தம்பி" என்றார். தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஊர் இது. சாமிக்குப் போகும் பூவை முகரக் கூடாது என்பது இங்கே பூக்கட்டும் பிள்ளைக்கும் தெரியும். அந்த வழக்கம் தொழிலுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மூக்கை எடுத்துவிட்டதால் விரல் இரண்டு மடங்கு கற்றுக்கொண்டிருக்கிறது. காம்பு பச்சையா, மொட்டு கிண்ணென்று இருக்கிறதா, தொட்டால் துவள்கிறதா என்று இருட்டிலும் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த மூக்கில்லாத வியாபாரத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நாம். கார்த்திகை, மார்கழிப் பனியில் குண்டுமல்லி வரத்து சரிந்து, கிலோ ஆயிரங்களில் பேசப்படும். அப்போது காக்கட்டானுக்கு யோகம். நட்சத்திரம் மாதிரி மெலிந்த இதழ். ஆண்டு முழுக்கப் பூக்கும், மல்லியைவிட அதிக நேரம் வாடாமல் நிற்கும். மணம் மட்டும் மெல்லியது. தனியாகக் காக்கட்டான் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. மல்லிச் சரத்தில் நடுநடுவே சேர்த்துக் கட்டி, 'பனிக்காலம்ல, வாசன கம்மியாத்தான் இருக்கும்' என்று சொல்லி விற்பதும் உண்டு. பாதி உண்மை என்பதால் இந்தப் பதில் நன்றாகவே செல்லுபடியாகிறது.

மாலை கட்டுவது ஆண்கள் பக்கம். கல்யாண மாலை கட்டும் ஒரு பெரியவர், தன் தொழிலில் ரகசியமே இல்லை என்று தொடங்கி, ஒவ்வொன்றாகக் கொட்டினார். வெளிர் பச்சை, நீலம், ரோஸ் என்று மாப்பிள்ளைக் கழுத்தில் மின்னும் மாலைகளில் பல, சாயத்தில் நனைத்த வெள்ளைச் சம்பங்கிதான். பொண்ணு வீட்டார் போனில் படம் காட்டிச் சேலைக்குப் பொருத்தமான நிறம் கேட்கிறார்கள். பூவில் இல்லாத நிறத்தை எங்கே போய்த் தேட? வேர்த்தால் அந்தச் சாயம் பட்டு வேட்டியில் இறங்கும். "ஈரத் துணியால ஒரு பூவைத் தொடச்சுப் பாத்துட்டு வாங்கணும். யாரும் பாக்க மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். மாலையின் கனத்துக்குப் பின்பக்கம் இலை வைத்துக் கட்டுவதையும், ஜிகினா எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவு பூ மிச்சம் என்பதையும் அவரே சொன்னார். சாயத்தைக் குறை சொல்லும் நான் சம்பங்கியையே பூர்விகப் பூ என்றுதான் நினைத்திருந்தேன். சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. பெருமாள் எதையும் மறுத்ததாகத் தெரியவில்லை.

நாருக்கு வருகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைக்குப் பஞ்சமில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் 1993-ல் திருச்சியில்தான் அமைந்தது. காய்ந்த மட்டையிலிருந்து கிழித்த நாரை நனைத்துக் கட்டினால், அது காம்பை நசுக்காமல் பிடிக்கும். முடிச்சுக்குள் ஈரம் கொஞ்சநேரம் தங்கும். நூல் அப்படியில்லை. இறுக்கினால் காம்பை அறுக்கும், தளர்த்தினால் பூ உதிரும். ஆனால் நூலை நனைக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம், நடுவில் அறுந்து முடிச்சுப் போட வேண்டாம். முழக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நேரம்தான் பணம் என்பதால் நூல் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. நூலில் கட்டிய சரம் என்றால் அவசரத்தில் கட்டியது. அவசரத்தில் கட்டியது பெரும்பாலும் கலக்கமாகத்தான் இருக்கும் என்பது அக்காவின் கணக்கு.

சித்திரை, வைகாசியில் மல்லி கொட்டிக் கிடக்கும்போது இந்தச் சூட்சுமம் எதற்கும் தேவையிருக்காது. அப்போது நெருக்கமாகக் கட்டச் சொல்லிக் கடைக்காரரே கேட்பாராம், உதிரி தீர வேண்டுமே. அதே முழம், ஒன்றரை மடங்குக்கு மேல் பூ. அக்காவுக்குக் கூலி மட்டும் அதே கூலி. நெருக்கக் கட்டுக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பூ மலிந்தாலும் ஏறினாலும் நஷ்டம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்டைவிரலுக்குத்தான் வந்து சேர்கிறது.

நல்ல சரம் வாங்க என்ன செய்யலாம் என்று நேராகவே கேட்டேன். "கேக்கணும் தம்பி. நார்ல, நெருக்கமா கட்டினது இருக்கான்னு கேக்கணும். அப்படிக் கேக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு கூடை உள்ள வச்சிருப்பாங்க. ஒரு முழத்துக்குப் பத்து ரூபா கூடச் சொல்லுவாங்க, குடுத்துடணும்."

முகூர்த்த நாளில்?

"அன்னைக்கு அந்தக் கூடையும் மண்டபத்துக்குப் போயிடும்."