போட்டோவைப் பார்த்தேன், ஃபைலைத் திருப்பினேன்

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு வேலையில் இருந்தேன். ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கியதில்லை. முதலில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் செய்ததை எனக்கு நானே மறைத்துக்கொள்ள இத்தனை காலமும் இந்த ஒரு வாக்கியம்தான் துணையாக இருந்தது. கை சுத்தம், கணக்கு சுத்தம் என்று சொல்லிக்கொண்டே, குடும்ப பென்ஷன் கேட்டு வந்த ஜவான்களின் மனைவிமாரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கேட்டது நியாயம் என்று தெரிந்தே அனுப்பினேன்.

நான் ஆவடியில் படித்தவன். விஜயந்தா டாங்கி செய்த எச்.வி.எஃப்., படைக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., விமானப்படை நிலையம் என்று பட்டாளத்தின் நிழலிலேயே வளர்ந்த ஊர் அது. பள்ளி முடிந்ததும் என்னோடு படித்த சிலர் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி ஜெயித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள். நான் பரீட்சை எழுதி குமாஸ்தா ஆனேன். படைவீரர்களின் பென்ஷன் தாள்கள் வந்துபோகும் அலுவலகம் அது. அதன் பெயர் இங்கே வேண்டாம், குற்றம் என்னுடையது.

ஒரு படைவீரர் ஓய்வு பெறும்போதே மனைவியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் பதிவாகியிருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த ஆபீஸ் வெலிங்டனில் இருக்கிறது. அங்கே போடும் ‘பார்ட் டூ ஆர்டர்’தான் அடிப்படை. அதை வைத்துத்தான் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையில் பெயர் ஏறும். நம் ஊர்ப் பெயர்கள் அங்கேதான் சிக்கும். கல்யாணமான புதிதில் லீவு முடிந்து போகும் அவசரத்தில் பையன் ஒரு பெயரைச் சொல்லியிருப்பான். இனிஷியலைப் பற்றி எதுவும் தெரியாத வடக்கத்திய குமாஸ்தா ஒருவர் அதைத் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முப்பது வருஷம் கழித்து ஆதார் எடுக்கும்போது அந்தப் பெண்ணின் முழுப்பெயர் வரும். பதிவேட்டில் விஜயா, ஆதாரில் விஜயலட்சுமி. பிறந்த தேதியோ பெரும்பாலும் உத்தேசம்தான். இதெல்லாம் பிரயாக்ராஜில் பென்ஷன் ஆணை போடும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாமல் போகலாம். என் வீட்டிலேயே அம்மாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், பத்திரத்தில் இன்னொரு பெயர். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நாயக்கின் மனைவி வந்தார். ராணுவப்பேட்டை என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம் அது. வீட்டுக்கு வீடு பட்டாளத்தார். மஞ்சள் பையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் டிஸ்சார்ஜ் புக், இறப்புச் சான்று, பாஸ்புக். பதிவேட்டில் இருந்த பெயரின் கடைசியில் ‘அம்மாள்’ இருந்தது. ஆதாரில் அது இல்லை. வயதிலும் மூன்று வருஷ வித்தியாசம்.

அந்த ஃபைலில் ஒரு ஜாயின்ட் போட்டோ இருந்தது. பென்ஷன் தாள்களோடு கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்து, அதிகாரி கையெழுத்திட்டு ஒட்டும் படம் அது. அவர் சீருடையில், பக்கத்தில் இந்த அம்மா, இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. நான் படத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தேன். அதே தழும்பு. பிறகு பேனாவை எடுத்து, ‘பெயர், பிறந்த தேதி முரண்படுவதால் உரிய ஆவணங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பினேன்.

ஏன் செய்தேன்? ஆடிட்டில் கேள்வி வரும் என்ற பயம் என்று வெளியே சொல்வேன். அது பாதி உண்மை. மாதக் கடைசியில் எத்தனை மனு தீர்த்தோம் என்று ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பிய மனுவும் அதில் தீர்ந்த மனுவாகவே கணக்காகும். வெலிங்டனுக்கு நானே ஒரு கடிதம் எழுதி, படத்தைக் குறிப்பிட்டு, பெயர்த் திருத்தம் கேட்டிருந்தால் அந்த ஃபைல் மாதக்கணக்கில் என் பெயரில் நிலுவையாகக் கிடந்திருக்கும். திருப்பிவிட்டால் என் மேஜை காலி. என் மேஜை எப்போதும் காலியாக இருந்தது. அதற்காகப் பாராட்டும் வாங்கினேன்.

அந்த அம்மா நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் முதல் தாசில்தார் வரை நடந்து, வெலிங்டனுக்கு எழுதி, திருத்தம் கையில் கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்த ஃபைலை அன்றைக்கே பாஸ் செய்தேன். “அரியர்ஸ் மொத்தமா வந்துடும்மா” என்றேன். “கழனிய வித்துட்டேன் சார்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அன்று தூக்கமும் கெடவில்லை. இதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த ராத்திரியே மனம் மாறியவனாக என்னைக் காட்டிக்கொண்டால் அது இன்னொரு பொய்.

மாறியது ரிட்டையரான பிறகுதான், அதுவும் தற்செயலாக. வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தேன். ஆவடியிலிருந்து செங்குன்றம் போகிற பக்கம். பட்டாளத்திலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஓய்வு பெற்ற பலர் இங்கே இருக்கிறார்கள். பழைய மாணவர் கூட்டத்தில், சுபேதாராக ஓய்வு பெற்ற வகுப்புத் தோழன் ஒரு தாளை நீட்டினான். “நம்ம கூட்டாளி பொண்டாட்டியோடதுடா. மூணு தடவ திருப்பிட்டானுங்க. நீதான் ஆபீஸ்ல இருந்தவனாச்சே, பாரேன்.” திருப்பியவர் வேறு யாரோ. வாசகம் மட்டும் நான் வருஷக்கணக்கில் எழுதிய அதே வாசகம். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படித்தபோது, எந்த ஆவணம், யாரிடமிருந்து, எந்த அதிகாரிக்கு என்று எதுவுமே அதில் இல்லை என்பது முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

அந்த மனுவை எழுதிக் கொடுத்தேன், அது பாஸானது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது பெரும்பாலும் ‘ஸ்பர்ஷ்’ வேலை. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத்துறை பென்ஷன்தாரர்கள் அந்த ஒரே கணினி அமைப்புக்குள் வந்துவிட்டார்கள். பழைய தாள்களிலிருந்து விவரம் ஏற்றும்போது மனைவி பெயர் விடுபட்டிருக்கும், தேதி தப்பாக ஏறியிருக்கும். வருஷாந்திர லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கத் தவறி பென்ஷன் நின்றுபோய், என்ன காரணம் என்றே தெரியாமல் வங்கி வாசலில் உட்கார்ந்திருந்த தொண்ணூறு வயதுப் பெரியவரையும் பார்த்தேன். எங்கே எது சிக்கும் என்று எனக்குத் தெரியும், சிக்கவைத்தவன் நான் என்பதால்.

போன வருஷக் கூட்டத்தில் சேவை செய்கிறேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுபேதார் மைக்கில் என்னைப் புகழ்ந்தான். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வேலூர் அம்மாவைப் பற்றி அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் இப்போது இருக்கிறாரா என்றுகூட விசாரிக்கவில்லை. ஊர்ப் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. போகப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதிக் கொடுக்கும் நூறு மனுவும் அவர் விற்ற கழனியை மீட்டுத் தராது. இதைப் படித்தபின் என் தோழர்கள் என்னிடம் வருவதை நிறுத்தினால், அதற்கும் நான் உரியவன்தான்.

அந்த மேஜையில் இன்று உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஃபைலைத் திருப்பும் முன் ஜாயின்ட் போட்டோவைப் பாருங்கள். முகம் பொருந்தினால் திருத்தத்துக்கு நீங்களே எழுதுங்கள். நிலுவை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற படைவீரர்களிடம் கேட்பது வேறு. நீங்கள் உயிரோடு இருக்கும்போது பெயர்த் திருத்தம் உங்கள் ஒரு கையெழுத்தில் தொடங்கிவிடும். நீங்கள் போன பிறகு அதற்கு உங்கள் மனைவி அலைய வேண்டும். பி.பி.ஓ.வையும் அவருடைய ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பென்ஷன் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பென்ஷனே இல்லாமல் 65 வயதைக் கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு தரும் வறுமை உதவி 2025 நவம்பர் முதல் மாதம் 8,000 ரூபாய். எங்கள் பக்கத்தவர்கள் திருவள்ளூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெயரில் என்ன சிக்கல் இருந்தாலும், திருப்பி அனுப்பிய கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கொண்டுபோங்கள்.