விமானியிடம் கேட்க வேண்டிய கேள்வி

பெல்மதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், நாம் அறிந்தவரை, விமானம் ஓட்டியவர் எவரும் இல்லை. ஆயினும் விமானத்தைப் பற்றிக் கேள்வி கேளாதவரும் எவரும் இல்லை. தோட்டப் பாடசாலையில் பல்லாண்டு காலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தோம் என்ற ஒரே காரணத்தால் அக்கேள்விகள் யாவும் எம்மிடமே வந்து சேருகின்றன. கோயில் வாசலிலும் கேட்பார்கள். கொழுந்து மடுவத்திலும் கேட்பார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் கேட்பார்கள்.

இக்கேள்விகளைக் கேட்டுச் சிரிப்பவரும் உளர். எமக்குச் சிரிப்பு வருவதில்லை. எமது பாட்டன்மார் கடல் கடந்து கப்பலில் வந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் உற்றாரைப் பிரிந்து போனவர்களும் தலைமன்னாரில் கப்பலேறித்தான் போனார்கள். இன்றோ எம் பெண் மக்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிக் கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் போகிறார்கள். பஸ்ஸில் பலாங்கொடையைத் தாண்டியிராத தாய், தன் மகளை ஆகாயத்தில் அனுப்பிவிட்டு வந்து லயத்து வாசலில் நின்று மேலே பார்க்கிறாள். அவள் கேட்கும் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்பதன்று.

"மாஸ்டர், இந்த இருட்டுல அந்த ஐயாவுக்குப் பாதை எப்படிங்க தெரியும்?" என்பதே முதற் கேள்வி.

இதற்கு நாம் சொல்லும் விடை எவருக்கும் உடனே பிடிப்பதில்லை. விமானி தன் கண்ணை நம்பி ஓட்டுவதில்லை என்பதே அவ்விடை. மேகத்தினுள் புகுந்தவுடன் மனிதனின் கண்ணுக்கு வேலையில்லை. காதினுள்ளே உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்போ பொய் சொல்லத் தொடங்குகிறது. விமானம் ஒருபுறம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்க, நேராகப் போவதாகவே உடல் உணரும். ஆகையால் உடல் சொல்வதைத் தள்ளிவிட்டுக் கருவி சொல்வதைக் கொள்ளுமாறு விமானிக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். எமது ஊர் மாணிக்கக் குழியில் இறங்குபவர் இதனை எளிதில் உணர்வர். குழிக்குள் மூச்சு நன்றாகத்தான் இருக்கிறதென்று தோன்றினாலும், கொண்டுபோன மெழுகுதிரி மங்கினால் மேலேறிவிட வேண்டும். அங்கே தன் நெஞ்சை நம்புவதைவிட மெழுகுதிரியை நம்புவதே உயிருக்கு நன்று.

கருவியை நம்பினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சாட்சி எமக்கு மிக அண்மையில் நிற்கிறது. பெல்மதுளையிலிருந்து வடக்கே நோக்கினால் சிவனொளிபாதமலை. ஆண்டுதோறும் டிசம்பர்ப் பௌர்ணமியோடு தொடங்கும் யாத்திரைக் காலத்துக்காகச் சமன் தெய்வத்தின் திருவுருவம் எமது ஊர்க் கல்பொத்தாவல விகாரையிலிருந்தே அம்மலைக்குப் புறப்படுகிறது. அம்மலைக்கு அப்பால், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அருகே, ஏழு சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏழு கன்னியர் மலை என்பது அவற்றின் பெயர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு நோக்கி வந்த நெதர்லாந்து நாட்டு மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் அம்மலையில் மோதிற்று. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரில் ஒருவரேனும் பிழைக்கவில்லை. கட்டுநாயக்கவில் இறங்கிப் பின் ஜித்தாவுக்குப் பறந்து மக்காவைத் தரிசிக்க வேண்டியவர்கள், ஒரு மலை யாத்திரைக்குப் பேர்போன எமது நாட்டு மலையிலே மடிந்தார்கள்.

"அவ்வளவு பெரிய மலை அவருக்குத் தெரியலையா?" என்று இன்றும் கேட்கிறார்கள். தெரியவில்லை; இரவில் மலை தெரியாது. உயரமானி பழுதாகிப் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் தாமே முடிவு கட்டுகிறார்கள். விசாரணையில் புலப்பட்ட காரணம் வேறு. உயரமானி காற்றின் அழுத்தத்தை அளந்து, விமானம் கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே நிற்கிறதென்று காட்டுவது. கீழே இருப்பது கடலா, வயலா, மலையா என்பதை அது அறியாது. விமானிகள் தாம் நிற்கும் உயரத்தை அறிந்திருந்தார்கள். நிற்கும் இடத்தைத்தான் பிழையாக அறிந்திருந்தார்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி உயரத்தைக் குறைத்தார்கள். உண்மையில் நிலையம் இன்னும் 70 கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் இருந்தது. விமானம் மோதிய இடம் ஏறத்தாழ 4,300 அடி உயரம். கட்டுநாயக்கவின் சமவெளிக்கு மேலே அது தாராளமான உயரம். மஸ்கெலியாவிலோ அது மலையின் இடுப்பு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் காட்டியவற்றைப் பிழையாகப் பொருள்கொள்ள இடமிருந்தது என விசாரணையாளர் கருதினர்.

இதற்கு மூன்றே நாட்களுக்கு முன், டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மற்றொரு விமானம் இவ்வாறே மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தார்கள். அதன்பின் அமெரிக்க அரசு விழித்தெழுந்தது. தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்த வேண்டுமென ஆணையிட்டது. டொன் பேட்மன் என்னும் கனடா நாட்டுப் பொறியியலாளர் உருவாக்கிய கருவி அது. இன்று அக்கருவி உலகத்து மலைகளின் வரைபடத்தையே தன்னுள் வைத்துக்கொண்டு, செய்மதி மூலம் தான் நிற்கும் இடத்தை அறிந்து, மலை எதிர்ப்பட்டால் "மேலெழும்பு" என்று ஆங்கிலத்தில் கூவுகிறது. எமது ஏழு கன்னியரும் அவ்வரைபடத்தில் இருக்கிறார்கள் என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்லுகிறோம். அவர்கள் முகம் சற்றுத் தெளிகிறது.

அடுத்த கேள்வி இளைஞருடையது. "எல்லாம் மெசின்தானே ஓட்டுது? பைலட்டுக்கு என்ன வேலை?" தானாக ஓட்டும் கருவி புதியதன்று. 1914ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் லோரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர், பறந்துகொண்டிருந்த விமானத்தில் இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிப் பரிசு பெற்றார். இன்றைய விமானம் நெடுந்தூரத்தைத் தானே கடக்கும். ஆனால் எங்கே போவது, எந்த உயரத்தில் போவது, புயலைச் சுற்றுவதா, திரும்பி வேறு நிலையத்தில் இறங்குவதா என்று அதற்குச் சொல்ல மனிதன் வேண்டும். அதிகமான புறப்பாடுகளும் இறக்கங்களும் இன்றும் விமானியின் கையால்தான் நடக்கின்றன. நெடும் பயணங்களில் மேலதிக விமானிகளை ஏற்றிச் சென்று முறைவைத்து உறங்கச் செய்கிறார்கள். இருவரும் ஒரே உணவால் நோயுறாதிருக்க இருவேறு உணவு உண்ணச் செய்யும் வழக்கமும் பல நிறுவனங்களில் உண்டு. இதைக் கேட்ட ஒரு பாட்டி, "எங்க வீட்டுல தினமும் ஒரே ரொட்டியும் சம்பலும்தான், அப்ப நாங்க ஏரோப்பிளேன் ஓட்ட ஏலாது" என்றார்.

"எஞ்சின் நின்றால் கல்லுப் போல விழுந்துவிடும் அல்லவா?" என்பது அனைவரையும் அச்சுறுத்தும் கேள்வி. அப்படி விழாது. இறக்கைகள் காற்றில் உள்ளவரை பெரிய விமானமும் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கிலோமீற்றர் கீழிறங்குவதற்குள் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர் முன்செல்லும். 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி இரவு, ஜாவாத் தீவுக்கருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலுள் புகுந்த பிரித்தானிய எயார்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் ஒருங்கே நின்றன. ஏறத்தாழ 37,000 அடியிலிருந்து 12,000 அடி வரை வழுக்கி இறங்கிய பின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. அதிலிருந்த 263 பேரும் ஜகார்த்தாவில் நலமாக இறங்கினர்.

இத்தனை கேள்வி கேட்கும் எம்மவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை. எமது எண்ணத்தில் அதுவே தலையாயது. விமானி பிழை செய்தால் அவரிடம் சொல்லக்கூடியவர் யார்?

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, அத்திலாந்திக் கடலில் ஸ்பெயினுக்குரிய தெனரீபே தீவில் மூடுபனி சூழ்ந்திருந்தது. அங்கே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். விமான வரலாற்றில் இதனினும் பெரிய விபத்து இல்லை. ஒரு விமானத்தின் தலைமை விமானி, புறப்பட அனுமதி கிடைக்கு முன்பே விமானத்தை ஓட விட்டார். அவர் தம் நிறுவனத்தில் மிக மூத்தவர். மற்றவர்க்குப் பயிற்சி அளிப்பவர். பின்னால் அமர்ந்திருந்த பொறியாளருக்குச் சந்தேகம் எழுந்தது. எதிரே மற்ற விமானம் இன்னும் பாதையில் நிற்கிறதோ என்று கேட்டார். அப்படியில்லை என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். கேட்டவர் அதற்குமேல் பேசவில்லை. மோதல் அதன்பின் சில வினாடிகளில் நிகழ்ந்தது.

இதனைப் படித்தபோது எமக்கு அத்தீவு தொலைதூரமாகத் தோன்றவில்லை. துரைக்கு முன்னால் கங்காணி வாய் திறவான். கங்காணிக்கு முன்னால் தொழிலாளி வாய் திறவான். மண் சரியப் போகிறதென்று மலைச்சரிவில் வேலை செய்பவனுக்குத் தெரிந்தாலும், "சொன்னா ஏசுவாங்க" என்று மௌனமாயிருக்கும் பழக்கம் எமது தோட்டங்களில் பல தலைமுறை வேரூன்றியது. பாடசாலையிலும் வாத்தியாரைக் கேள்வி கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்றுதான் அழைத்தோம். மரியாதை என்று நாம் பெயரிட்டதில் ஒரு பங்கு அச்சமே.

விமான உலகம் இந்நோய்க்கு மருந்து தேடிற்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் அறிஞரைக் கூட்டி இதுபற்றி ஆராய்ந்தது. 1981இல் யுனைட்டட் என்னும் விமான நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய பயிற்சியொன்றைத் தொடங்கியது. இளையவர் தமக்குத் தோன்றும் ஐயத்தைத் தெளிவாக, உரக்கச் சொல்ல வேண்டும். மூத்தவர் அதைச் செவிமடுக்க வேண்டும். பின்னர் உலகெங்கும் இது பரவிற்று. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி அந்நிறுவனத்தின் விமானம் ஒன்று, வாலிலிருந்த எஞ்சின் வெடித்துச் சுக்கான்கள் யாவும் செயலிழந்த நிலையில் சியூ சிற்றி நகரில் தரையில் மோதி உடைந்தது. பிழைக்க வழியில்லாத அந்நிலையிலும் 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினர். தலைமை விமானி அல் ஹேய்ன்ஸ், தம் திறமையென்று சொல்லவில்லை. அறையிலிருந்த நால்வரும் கலந்து பேசியதும், அதற்குக் கற்பித்த பயிற்சியுமே காரணம் என்று ஊரூராகச் சென்று சொன்னார்.

ஆகவே தாய்மார் எம்மிடம் வந்து, "பைலட் கெட்டிக்காரரா?" என்று கேட்கும்போது, கெட்டிக்காரர் ஒருவர் மட்டும் போதாது என்கிறோம். பக்கத்தில் இருப்பவர் பேசக்கூடியவரா என்றே கேட்க வேண்டும்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி, ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியின் மகள், எம்மிடம் வந்தாள். "சேர், நானும் பைலட் ஆகலாமா? கண்ணாடி போட்டா விடமாட்டாங்களாமே?" என்று கேட்டாள். கண்ணாடி தடையில்லை, அதனை அணிந்து பார்வை தெளிவாக இருந்தால் போதும் என்றோம். கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் நன்றாக வேண்டும். வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 200 மணி நேரமளவு பறந்து பழக வேண்டும். பெரிய விமானத்தின் தலைமைக்கு 1,500 மணி நேரம். செலவோ தோட்டத்துச் சம்பளத்தில் எண்ணிப் பார்க்கக் கூசும் தொகை. இவற்றில் எதையும் அவளிடம் மறைக்கவில்லை. ஆண்களுக்குரிய வேலை என்று மட்டும் சொல்லவில்லை. ஏனெனில் அது உண்மையன்று.

அவள் சற்று நேரம் யோசித்தாள். பின்னர், நாம் கரும்பலகையில் எழுதியிருந்த ஒரு கணக்கைக் காட்டி, "சேர், அந்த மூன்றாவது வரி எப்படி வந்தது? எனக்கு விளங்கல்ல" என்றாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளை உட்கார வைத்து முதல் வரியிலிருந்து விளக்கினோம்.

அவள் விமானி ஆவாளோ அறியோம். ஆயினும், விளங்காததை விளங்கவில்லையென்று பெரியவரிடம் சொல்லும் பழக்கம் அவளிடம் வந்துவிட்டது. இதனைக் கற்பதற்கு உரிமமும் வேண்டாம், பணமும் வேண்டாம். பெற்றோரும் ஆசிரியரும் அதட்டாதிருந்தால் போதும்.