ஏனாத்தூரிலிருந்து திருமுக்கூடலுக்கு ஒரு மிதிவண்டி யாத்திரை

காஞ்சிபுரம் நகருக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் ஏனாத்தூர் அமைந்துள்ளது. காஞ்சி மகா சுவாமிகளின் திருப்பெயரைத் தாங்கி, 1993-ஆம் ஆண்டு முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்கும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் இங்கேதான் உள்ளது. ஆதிசங்கரரின் பெரிய திருவுருவச் சிலையும் இவ்வூரில் உண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் என் துணைவியாரும் இங்கே குடிவந்தோம். விடியற்காலையில் அந்தச் சிலையை வணங்கிவிட்டு, என் பழைய இரும்பு மிதிவண்டியில் ஒரு சுற்றுச் சென்று வருவது என் அன்றாட வழக்கமாயிற்று.

"இந்த வயதில் மிதிவண்டியா?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். மகா சுவாமிகள் தம் பாத யாத்திரைகளில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்தபடி நடந்து செல்லும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். எண்பது வயதைக் கடந்த பின்னரும் மகாராஷ்டிரம் வரை நடந்தே சென்று, 1984-இல் காஞ்சி திரும்பியவர் அவர். எங்கள் கூடத்திலும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. நெடுந்தூரம் நடக்க என் முழங்கால்கள் இடம் கொடுப்பதில்லை. மிதிவண்டியில் உடலின் பாரம் இருக்கையில் இறங்கிவிடுவதால் தாராளமாக ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். நம் கால்களின் வலிமையைக் கொண்டே ஒரு க்ஷேத்திரத்தை அடைய வேண்டும் என்னும் ஆசை, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குள் வளர்ந்தது.

எந்த க்ஷேத்திரம் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. தை மாதம் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக இருபது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து பழையசீவரம் எழுந்தருள்கிறார். பின்னர், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில் அப்பன் வேங்கடேசப் பெருமாளுடன் சேவை சாதிக்கிறார். பெருமாளே அத்தனை தூரம் வருகையில் நாம் போகக்கூடாதா? ஏனாத்தூரிலிருந்து போய்வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வரும் தை மாதம் போயே தீர்வது என்று மனத்துக்குள் சங்கற்பம் செய்துகொண்டேன்.

இரும்பு வண்டியோ கனமானது. எதிர்க்காற்றில் பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கியது. இதைத் தொலைபேசியில் கேட்ட மகன், தீபாவளித் தள்ளுபடி விற்பனையில் இணையத்தில் கண்ட ஒரு கார்பன் மிதிவண்டியின் படத்தை அனுப்பினான். நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்டது, மொத்த எடை எட்டரைக் கிலோ. 1,55,000 ரூபாய் என்பதைக் கோடிட்டு அடித்து, 79,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதன் கீழே, சலுகை முடிய இன்னும் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடன் மனுக்களைப் பரிசீலித்தவன் நான். அவசரப்படுத்தும் எவரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு உபதேசம் செய்தவன். அன்றிரவு இருபதே நிமிடங்களில் பணத்தைச் செலுத்தினேன். துணைவியாரிடம் மறுநாள்தான் சொன்னேன். "ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தள்ளுபடி என்றாலே மோசடி என்று கருதிவிடவும் கூடாது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் மிதிவண்டிகளுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. அது நீடிக்கும் என்று நம்பிய உற்பத்தியாளர்கள் மிகுதியாகச் செய்து குவித்தார்கள். கிராக்கி தணிந்ததும் கிடங்குகளில் சரக்கு தேங்கியது. புதிய மாதிரி வந்ததும் சென்ற ஆண்டின் மாதிரி விலை குறைகிறது. மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும் விற்காமல் தங்குகின்றன. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஒருவர் வாங்கித் திருப்பிய வண்டி, கீழே விழுந்து அடிபட்ட வண்டி, பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டிய போலி ஆகியவையும் அதே குறைந்த விலைக்கு வரலாம். திரையில் தெரியும் படத்தைக் கொண்டு, இது எந்த வகை என்று நம்மால் அறிய முடியாது.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மகனுக்கு அனுப்புவதற்காகத் துணைவியார் பெட்டியைப் படம் எடுத்தார். நகரத்துச் சைக்கிள் கடைத் தம்பி வந்து பாகங்களைப் பூட்டிக் கொடுத்தார். கரிய நிறத்தில் வண்டி பளபளத்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் துணைவியாரே சிரித்துவிட்டார். இரண்டு வாரம் ஏனாத்தூர்ச் சாலைகளில் காற்றைப் போல் ஓட்டினேன்.

பிள்ளையார்பாளையத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய பட்டு நெசவாளர். குழித்தறியில் கோர்வைப் புடவை நெய்தவர். வங்கியில் நான் இருந்த காலத்திலிருந்து பழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் வண்டியருகே அமர்ந்துவிட்டார்.

"சார், இதுவும் நெசவு மாதிரியே இருக்கே?"

"நெசவுதான் ஐயா. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கார்பன் இழைகளைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்குகிறார்கள்."

"பாவு எந்தப் பக்கம் ஓடுது?"

நான் வியந்துபோனேன். கார்பனின் சூட்சுமமே அதுதான். இழை ஓடும் திசையில்தான் அதற்கு வலிமை. ஆகையால் ஓர் அடுக்கை நீளவாக்கிலும், அடுத்ததைச் சாய்வாகவும், மற்றொன்றைக் குறுக்காகவும் வைக்கிறார்கள். மார்க்கண்டேய முனிவர் தாமரைத் தண்டின் நூலால் தேவர்களுக்கு ஆடை நெய்தார் என்றும், தாங்கள் அவர் வழிவந்தவர்கள் என்றும் சொல்லும் மரபினர் காஞ்சி நெசவாளர்கள். இழையைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

பேசிக்கொண்டே அவர் விரலால் ஃபிரேமைத் தடவி வந்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்புறத்தில் விரல் நின்றது.

"இங்கே தடுக்குது சார்."

என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தபோது, வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. கடைத் தம்பியை அழைத்தேன். அவர் ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டினார். மற்ற இடங்களில் 'டக், டக்' என்று தெளிவாகக் கேட்ட ஓசை, அந்த இடத்தில் மட்டும் 'தொப்' என்று மழுங்கியது. இந்தச் சோதனை முடிவானதன்று; ஐயத்தைக் கிளப்பப் போதுமானது. சென்னையில் கார்பன் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். உள் அடுக்குகள் பிரிந்திருப்பதை அவர் உறுதி செய்தார்.

இரும்பு பெரும்பாலும் உடைவதற்கு முன் வளையும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். கார்பனோ, தான் தாங்க வேண்டிய திசையில் இரும்பையும் விஞ்சும். பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால் வெளியே பூச்சு அழகாகவே இருக்க, உள்ளே அடுக்குகள் விட்டுப்போகலாம். அப்படிப்பட்ட வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும் நொடியில் முறிந்துவிடக்கூடும். அதை ஓட்டிக்கொண்டு நான் லாரிகள் விரையும் வாலாஜாபாத் சாலையில் போயிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நண்பர் விடைபெறும்போது சொன்னார்: "கல்யாணப் புடவை வாங்க வர்றவங்க முந்தானையை மட்டும் பார்க்க மாட்டாங்க சார். கரையும் உடலும் சேர்ற கோர்வையைத் திருப்பிப் பார்ப்பாங்க. சேர்ற இடத்துலதான் வேலையோட யோக்கியதை தெரியும்."

விற்பனையாளரோ, திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான், அது கடந்துவிட்டது என்று கைவிரித்தார். வங்கி அனுபவம் இங்கேதான் கைகொடுத்தது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணைய வணிகம் செய்வோர் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. எழுத்து மூலம் புகார் அளித்தேன். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். துணைவியார் எடுத்திருந்த நசுங்கிய பெட்டியின் படமே முதன்மைச் சான்றாக அமைந்தது. பணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் தை மாதம் பிறந்து முடிந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பழைய இரும்பு வண்டியிலேயே புறப்பட்டேன். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் என்று மூன்று இடங்களில் இறங்கி இளைப்பாறினேன். பழையசீவரம் சேர்ந்தபோது உச்சி வெயில். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, குடைகளுக்கு நடுவே வரதரின் திருமுகத்தை ஒரு கணம் தரிசித்தேன். அந்த ஒரு கணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. திரும்புகையில் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. வண்டியை ஒரு சிறிய சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் வீடு வந்தேன். நல்ல வண்டி வேண்டும் என்று நான் நினைத்ததில் பிழையில்லை என்பது அன்று விளங்கியது. அதை வாங்கிய விதத்தில்தான் பிழை.

மாசியில் மறுபடியும் ஒரு கார்பன் வண்டி வாங்கினேன். இதுவும் தள்ளுபடியில்தான், இணையத்தில் தேடிக் கண்டதுதான். பணம் செலுத்துமுன், சென்னையில் அதே வண்டி உள்ள கடைக்கு நேரில் சென்றேன். என் உயரத்துக்கும் கால் நீளத்துக்கும் ஏற்ற அளவா என்று ஏறி அமர்ந்து பார்த்தேன். முதுகு அதிகம் வளையாதபடி ஹேண்டில்பார் உயர்ந்துள்ளதா, மேடு ஏற இலகுவான கியர் உண்டா, நம் சாலைகளுக்கேற்ற அகலமான டயர் பூட்ட இடமுண்டா என்று கேட்டறிந்தேன். ஏன் இந்த விலை என்றும் கேட்டேன். சென்ற ஆண்டின் மாதிரி என்றார்கள். ஃபிரேமின் எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். உத்தரவாதத்தை எழுத்தில் பெற்றேன். கார்பனில் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினாலே விரிசல் காணும் என்பதால், முறுக்கு அளவு காட்டும் கருவியைக் கொண்டே பூட்டச் சொன்னேன். பிள்ளையார்பாளையத்து நண்பரும் உடன் வந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் அவர் விரல் ஒருமுறை அடி முதல் நுனி வரை தடவியது. "தடங்கல் இல்லை சார்" என்றார். அதன் பிறகே பணம் கட்டினேன்.

பங்குனியில் ஒரு நாள் விடியுமுன் முன்னும் பின்னும் விளக்குகளை ஏற்றி, தலைக்கவசம் அணிந்து புறப்பட்டேன். சிலையை வணங்கிவிட்டு, வாலாஜாபாத், பழையசீவரம் வழியாகப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தபோது கதிரவன் எழுந்திருந்தான். கீழே ஆறு மணலாய்ப் பரந்து கிடந்தது. திருமுக்கூடல் கோயிலில் திருவிழா நாளின் நெரிசல் இல்லை. அப்பன் வேங்கடேசப் பெருமாளை நிதானமாகச் சேவித்தேன்.

கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை ஒட்டி மாணவர்களுக்கு வேதபாடசாலையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருக்குரிய ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பெருமாளைச் சேவிக்க வரும் உடலையும் பேண வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் நிழலில் அமர்ந்து, துணைவியார் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை உண்டேன். இம்முறை சரக்கு ஆட்டோ தேவைப்படவில்லை. பகல் வெயில் ஏறுமுன் வீடு திரும்பினேன்.

இப்போது மாதம் ஒருமுறை நாணயத்தால் வண்டியைத் தட்டி ஓசை கேட்கிறேன். அடுத்த தை மாதப் பார்வேட்டைக்குச் செல்ல இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன். வாசக அன்பர்கள் எவரேனும் மிதிவண்டியில் வர விரும்பினால், முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் முழங்காலையும் காட்டுங்கள். வண்டியைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் இல்லத்தரசியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரதர் அருளால் பழையசீவரத்தில் சந்திப்போம்.