கூச்சமும் குடைச்சலும்

மனிதருக்கு வரும் நோவுகளுள் பிறருடைய இரக்கத்தைப் பெறாத நோவு பல்வலி. நெஞ்சு வலி என்றால் வீடே எழுந்து ஓடும். காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் மிளகு ரசம் வைத்துக் கொண்டு வருவர். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கண்டாலோ, பார்ப்பவர் முதலில் நகைப்பர். பிறகுதான் கிராம்பு தேடுவர். வலிக்கே இந்தக் கதி என்றால், பல் மருத்துவரைக் கண்டு அஞ்சும் அச்சத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டா. ஐந்து மக்களைப் பெற்றெடுத்தவரும், அறுவைச் சிகிச்சைக்குக் கலங்காதவரும் அந்த நாற்காலியைக் கண்டு பின்வாங்குவர், சுற்றியிருப்போர் சிரிப்பர். அந்த அச்சம் ஓர் உயிரையே வாங்கிவிடக் கூடியது என்பதை என் தாயாரின் பொருட்டு நான் கண்டேன். அதனை இம்மலரின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் குடியிருப்பது தேவ்நாரில். மும்பையின் பிற பகுதியினரிடம் இப்பெயரைச் சொன்னால் அவர்கள் மனத்தில் எழுபவை இரண்டே. ஒன்று, 1927 முதல் இந்நகரத்தின் குப்பையைச் சுமந்து மலையாகிவிட்ட மேடு. மற்றொன்று, 1971-இல் பாந்திராவிலிருந்து இங்கே பெயர்ந்து வந்த ஆடு வெட்டும் கூடம். 1954 முதல் இங்கே நடந்துவரும் டாட்டா சமூக அறிவியல் கழகத்தை யாரும் நினைப்பதில்லை. அது கிடக்கட்டும். கோவண்டி நிலையத்தில் இறங்கி எங்கள் தெரு வரை நடந்தால் வழியில் தென்படும் பல் மருத்துவர் பலகைகள் தேநீர்க் கடைகளுக்குக் குறைந்தவை அல்ல. ஒவ்வொரு பலகையிலும் முத்துப் பற்களைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பெண். எந்தக் கதவைத் தள்ளுவது என்பதை அந்தப் பெண் சொல்வதில்லை.

என் தாயார் தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் 1943-இல் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தை ஆயிற்று. பல்லில் பூச்சி இருக்கிறது என்று நம்பிய காலம் அது. இன்றும் நாம் ‘பூச்சிப்பல்’ என்றுதானே சொல்கிறோம்! பல்லைத் துளைக்கும் புழு என்று ஒன்று இல்லை எனப் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவிட்டார். அச்செய்தி எங்கள் ஊர்க் கம்மாய்க்கரை வரை வந்து சேரவில்லை. கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடிக்கச் செய்தார்கள். புகைக்கு அடங்கவில்லை. வாரச் சந்தையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த ஒருவனிடம் அழைத்துச் சென்றார்கள். தாய்மாமன் தலையைப் பிடித்துக்கொள்ள, அவன் குறட்டால் பிடுங்கினான். பல் பாதியில் முறிந்தது. சுவீடன் நாட்டில் நீல்ஸ் லோஃப்கிரேன் 1943-இல் உருவாக்கிய லிடோகெயின் என்னும் மரப்பு மருந்து 1948-இலேயே விற்பனைக்கு வந்திருந்தது. அதாவது, மருந்து உலகத்தில் இருந்தது, சந்தையில் இல்லை. என் தாயாரும் அம்மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்பதை எண்ணி நான் பின்னர்ப் பலமுறை வியந்ததுண்டு. இருவரும் சந்தித்துக்கொள்ள எழுபது ஆண்டுகள் ஆயின.

1962-இல் மணமாகித் தாராவிக்கு வந்தவர், பின்பு எங்களோடு தேவ்நாருக்கு வந்தவர், இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் பல் மருத்துவரிடம் சென்றதில்லை. வலி வந்தால் கிராம்பு. மிகுந்தால் உப்பு நீர். அதற்கும் மிஞ்சினால் ஒரு மாத்திரை. 2013-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கீழ்த்தாடைப் பல் ஒன்று அவரை ஆட்டிப் படைத்தது. எங்களிடம் மூச்சு விடவில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லலே, நீ வேலைக்குப் போ” என்பார். தட்டில் இட்ட சோற்றை நாங்கள் போன பின் காக்கைக்கு வைத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரோடு நாளை ஓட்டியிருக்கிறார். ஆனால் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார். உணவில்லாத வயிற்றில் அம்மாத்திரை என்ன செய்யும் என்பதைச் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டார் அறிவர். ஒரு விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறிச் சமையலறை வாயிலில் சாய்ந்துவிட்டார். நல்ல வேளையாக என் மனைவி விழித்திருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். கண் விழித்ததும் அம்மா கேட்டது, “பல்லைப் பிடுங்கிட்டீங்களா?” என்பதுதான்.

முதலில் நாங்கள் சென்ற இடத்தின் பெயர் வேண்டா. அங்கே குளிர்சாதனம் இருந்தது, மீன் தொட்டி இருந்தது. மருத்துவர் கைப்பேசியில் பேசியபடியே வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு நிமிடம். “எல்லாம் ஆடுகின்றன, மொத்தமாக எடுத்துவிட்டுச் செட்டு கட்டிவிடலாம்” என்றார். சர்க்கரை உண்டா என்று கேட்கவில்லை, கதிர்ப்படம் எடுக்கவில்லை. உதவியாளர் தட்டைக் கொண்டுவந்து அம்மாவின் கண்ணெதிரே வைத்தார். அதில் குறடு இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்பையும் மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டார். அப்போது அவர் வயது எழுபது அன்று, பன்னிரண்டு.

நல்ல பல் மருத்துவரைத் தேடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “அவர் கை வலிக்காமல் இருக்குமா?” என்பது. இதற்கு யார் என்ன விடை சொன்னாலும் பயனில்லை. ஒருவர்க்கு வலிக்காதது மற்றொருவர்க்கு வலிக்கும். “உங்களிடம் அவர் எவ்வளவு நேரம் பேசினார்?” என்று கேட்க வேண்டும் என்பது என் துணிபு. என் மனைவி அந்த முறையிலேயே மாடி மாடியாக விசாரித்தாள். பதிவு பெற்றவரா என்பதையும் பார்த்துக்கொண்டோம். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வரும் வரையில் இந்நாட்டில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்னும் நிலையே இருந்தது. அச்சட்டம் பட்டம் பெற்றவர்களை ‘அ’ பகுதியிலும், பட்டமின்றிக் கைப்பழக்கத்தால் முன்பே தொழில் செய்துவந்தவர்களை ‘ஆ’ பகுதியிலுமாகப் பிரித்துப் பதிவு செய்தது. இன்று ஒருவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருந்தால் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. முறையானவர் முகம் சுளிக்க மாட்டார். கருவிகளை நீராவி அழுத்தத்தில் தூய்மை செய்து உறையிலிட்டு, நம் எதிரில் உறையைப் பிரிக்கிறாரா என்பதும் கவனிக்கத் தக்கது. மீன் தொட்டியைக் கவனிக்க வேண்டா.

இவ்வாறு தேடிக் கண்ட மருத்துவர் ஓர் இளம் மராத்தியப் பெண். ஒற்றை அறை, மின்விசிறிதான். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாட்டிக்கு மொழிபெயர்க்க உடன் வந்தாள். அம்மாவுக்குத் தாராவிச் சந்தையில் கற்ற இந்தி உண்டு. அது காய்கறிக்குப் போதும், வலிக்குப் போதாது. மருத்துவர் எழுந்து வந்து, “யா, ஆஜி” என்று கையைப் பற்றினார். மராத்தியில் பாட்டிக்கு ‘ஆஜி’ என்று பெயர். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பாட்டியை ‘ஆச்சி’ என்போம். அம்மா அதை ‘ஆச்சி’ என்றே கேட்டார். “இங்க பாரு தாயி, பிடுங்கக் கூடாது” என்றார். நம் ஊர்ப்புறத்தில் இளம்பெண்ணைத் ‘தாயி’ என்று அழைப்பது அன்பின் வழக்கு. மராத்தியிலோ அக்காளுக்கு ‘தாயீ’ என்று பெயர். மரியாதைக்குரிய பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் விளிப்பர். அவர் அதனைத் தம் மொழியாகவே கேட்டுச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் இவ்வளவும் முடிந்துவிட்டது.

பிறகுதான் இடர் தொடங்கிற்று. அம்மா சொன்னார்: “மொதல்ல கூச்சமா இருந்துச்சு. இப்பக் கூச்சம் இல்ல, குடைச்சல். படுத்தா விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு.” என் மகள் திகைத்தாள். அவளுக்குத் தெரிந்த கூச்சம், விருந்தாளி வந்தால் உள்ளறைக்குள் ஓடுவது. அவள் மூன்றையும் சேர்த்து ‘தர்த்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மருத்துவர் விடவில்லை. குளிர்ந்த நீர் பட்டால் சுருக்கென்று வந்து உடனே போகிறதா, அல்லது தானாகவே இரவில் வந்து மணிக்கணக்காக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார். அப்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. அம்மாவின் சொற்களே நோய்க்குறிப்பு. பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாயும் கலந்த கூழ் போன்ற சதை உண்டு. அது இலேசாகச் சினந்திருக்கும்போது வருவது கூச்சம்; பல்லை அடைத்துக் காப்பாற்றிவிடலாம். சதை மீளாதபடி கெடும்போது வருவது குடைச்சல். சுற்றிலும் கெட்டியான சுவராதலால் வீக்கத்திற்கு இடமில்லை. படுத்தால் தலைக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது. ஆகவேதான் விண்விண்ணென்று தெறிப்பது. மருத்துவ நூல் பல வரிகளில் பிரித்துச் சொல்லும் வேற்றுமையைத் தமிழ்க் கிழவி இரண்டு சொற்களில் வைத்திருக்கிறாள்! மராத்தியிலும் இவ்வேற்றுமை உண்டாம். புளிப்பால் பல் கூசுவதற்கு ‘ஆம்பணே’ என்றும், தெறிக்கும் வலிக்கு ‘டணகா’ என்றும் மருத்துவர் என் மகளுக்குக் கற்பித்தார். மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அறிவியல் அறிவர். ஆச்சியின் வலியை அறியும் சொற்கள் அவர்களிடம் இல்லை. மொழி வளர்ச்சி பற்றி மேடைகளில் பேசுவோர் இதனையும் ஒரு கணம் எண்ணலாம்.

அன்று அவர் பல்லைத் தொடவில்லை. கதிர்ப்படம் எடுத்தார், விரல் நுனியில் சர்க்கரை அளவு பார்த்தார், வலிக்கு மாத்திரை தந்து, மறுநாள் காலையில் உணவும் வழக்கமான மாத்திரையும் முடித்துக்கொண்டு வரச் சொன்னார். பட்டினியோடு வரக் கூடாது என்பதை இரு முறை சொன்னார்.

மறுநாள் செய்தவற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஊசியைக் கண்ணில் காட்டவில்லை. ஆனால் ஊசி போடப் போவதை மறைக்கவும் இல்லை. “இடக்கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன்” என்றார். மரப்பு மருந்தோடு அட்ரினலின் கலந்திருப்பதால் நெஞ்சு சற்று நேரம் படபடக்கக் கூடும், அது மருந்தின் வேலை, பயத்தின் வேலை அன்று என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனையோ பேர் தமக்கு மாரடைப்பு வந்துவிட்டதாக எண்ணி நாற்காலியில் நடுங்குகின்றனர். முதல் ஊசி முழுதும் மரக்கவில்லை. சீழ்ப்பிடித்துச் சினந்த இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால் மருந்து நரம்புக்குள் எளிதில் புகாதாம். இதனை அறியாத நோயாளி, ‘எனக்கு மட்டும் மருந்து பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார். அவர் காரணத்தைச் சொல்லி, மற்றோர் ஊசி போட்டுக் காத்திருந்தார்.

துளைக்கும் கருவி கீச்சிட்டது. 1957-இல் ஜான் போர்டன் காற்றுச் சுழலியால் இயங்கும் துளைகருவியைக் கொண்டுவந்த பின் பல் மருத்துவம் விரைவாயிற்று. அந்தக் கீச்சொலியும் உலகெங்கும் பரவிற்று. சத்தம் கேட்டதும் அம்மா இடக்கையைத் தூக்கினார். சத்தம் நின்றது. “வலித்ததா ஆஜி?” இல்லை என்று தலையசைத்தார். மீண்டும் தொடங்கியதும் மீண்டும் தூக்கினார், மீண்டும் நின்றது. “வலிக்கலை. நிறுத்துதாளான்னு பார்த்தேன்” என்றார். மகள் இதனை மொழிபெயர்த்ததும் மருத்துவர் வாய்மூடியைத் தாண்டிச் சிரித்துவிட்டார். அதன்பின் அந்தக் கை எழவே இல்லை. வேர்ச் சிகிச்சை மூன்று வாரங்களில் முடிந்தது. முதல் நாள் இடைக்காலமாக அடைத்த பசையில் கிராம்பு மணத்தது. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துச் செய்வது அது. “நம்ம அஞ்சறைப் பெட்டி மருந்துதான் போட்டிருக்கா” என்று வீடு வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

செலவை எண்ணித் தயங்கும் அன்பர்க்கு ஒன்று கூற வேண்டும். துறைமுக வழி இரயிலில் ஏறிக் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி.யில் — எங்கள் தலைமுறைக்கு அது என்றும் வி.டி. — இறங்கினால், அருகிலேயே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி, 1933-இல் தொடங்கியது. காத்திருக்க வேண்டும், மாணவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர் மேற்பார்வையிடுவார். அவசரக்காரருக்கு அது குறையாகத் தோன்றும். அஞ்சுபவருக்கோ, ஒன்றைச் சொல்லி, காட்டி, பிறகு செய்யும் மாணவரின் நிதானம் வரமாகவும் அமையலாம். அச்சத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதிலும் வெட்கமில்லை. 1969-இலேயே நார்மன் கோரா என்பவர் நான்கே கேள்விகளால் இந்த அச்சத்தை அளக்க ஓர் அளவுகோல் அமைத்தார். நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் இன்று உமக்கு எப்படி இருக்கும் என்பது அதன் முதற் கேள்வி. என் தாயாரிடம் அதைக் கேட்டிருந்தால், ‘காக்கைக்குச் சோறு வைப்பேன்’ என்று விடை சொல்லியிருப்பார்.

ஆடிய பற்கள் இரண்டை அடுத்த ஆண்டு எடுத்தார்கள். மற்றவை நின்றன; அந்த மீன் தொட்டிக்காரர் மொத்தமாக எடுக்கச் சொன்னவை அவை. சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்று மருத்துவர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்திற்கு ஒரு முறை தாமே நினைவூட்டிக் கிளம்புவார். எதிர்வீட்டு மராத்திய மூதாட்டி ஒருவர் மிஷ்ரி தேய்ப்பவர். புகையிலையைக் கருக்கிப் பொடித்துப் பல்லில் தேய்க்கும் அவ்வழக்கம் இப்பக்கத்துப் பெண்களிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. அவருக்கும் பல் நோவு கண்டது. அவரும் போக மறுத்தார். அம்மா அவர் வீட்டு வாயிலில் நின்று, “டணகாவா?” என்று கேட்டார். ஆம் என்றதும் அவருடைய இடக்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, தம் சந்தை இந்தியில், “இப்படித் தூக்கு, அவள் நிறுத்திவிடுவாள், நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்” என்று சொல்லி, ஆட்டோ பிடித்து வரும்படி என் மகளை ஏவினார்.