அவையோரும் கலைஞரே



மாணவர்கள் பாடத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று நாம் நாள்தோறும் கூறுகிறோம். பங்கெடுத்தல் என்றால் யாது? அவையோரையும் தம் படைப்பில் சேர்த்துக்கொண்ட சோதனைக் கலைஞர் மூவர் இவ்வினாவுக்கு விடை தந்துள்ளனர்.

1952 ஆகஸ்டு 29ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில், ஜான் கேஜ் இயற்றிய ‘4 நிமிடம் 33 விநாடி’ முதன்முறையாக அரங்கேறியது. பியானோ கலைஞர் டேவிட் டூடர் மூடியைத் திறந்தும் மூடியும் மூன்று பகுதிகளை உணர்த்தினாரே அன்றி, ஒரு சுரமும் வாசிக்கவில்லை. காற்றும், மழைத்துளியும், அவையோரின் முணுமுணுப்புமே அன்றைய இசையாயின. கேட்க வந்தவர்கள் தாம் அறியாமலே இசைத்தவர்கள் ஆனார்கள்.

1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மரீனா அப்ரமோவிச் ஒரு மேசையில் 72 பொருள்களைப் பரப்பினார். ரோஜாவும் இறகும் இருந்தன. கத்தரிக்கோலும் துப்பாக்கியும் இருந்தன. அவற்றைத் தம்மீது விரும்பியவாறு பயன்படுத்தலாம், முழுப் பொறுப்பும் தமதே என்று அறிவித்து, ஆறு மணி நேரம் எதிர்ப்புக் காட்டாமல் நின்றார். மென்மையாகத் தொடங்கிய கூட்டம் அவர் ஆடையைக் கிழித்தது. துப்பாக்கியையும் அவர்பால் திருப்பியது. பொறுப்பு முழுவதையும் ஒருவரே சுமந்தால் மற்றவர் மனத்தில் அது மறைந்துவிடுகிறது. வகுப்பறைக்கும் இஃது எச்சரிக்கையன்றோ?

அதே 1974இல் போலின் ஒலிவெரோஸ் ‘ஒலித் தியானங்கள்’ எனும் நூலை வெளியிட்டார். அதில் சுரக்குறிப்புகளுக்கு மாறாக எளிய உரைநடைக் குறிப்புகளே உள்ளன. வட்டமாக அமர வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். பின்னர் மெல்ல மெல்ல அதனைக் குரலாக்க வேண்டும். இசைப்பயிற்சி தேவையில்லை.

இதனை என் நான்காம் ஆண்டு மாணவர்களுடன் செய்து பார்த்தேன். வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் மாணவி ஒருத்தி உண்டு. அன்று அவள் குரலும் வட்டத்தில் கலந்தது. சரி, பிழை என்று தீர்ப்புச் சொல்ல அங்கு எவரும் இல்லை. ஆனால், பிறர் குரலைக் கேட்கும் கடமை எல்லோருக்கும் இருந்தது. உரிமையும் கடமையும் இணைந்தபோது அச்சம் அகன்றது.

பெற்றோர்களே, பள்ளிக் கலைநிகழ்ச்சியில் நீங்களும் அவையோரே. பிள்ளை பாடும்போது கைப்பேசியைத் தாழ்த்திச் செவிமடுங்கள். அதுவும் பங்கெடுத்தலே. உங்கள் கவனத்தை மேடையில் நிற்கும் பிள்ளை நன்கு அறியும்.