அம்மாவுக்கு ஏற்ற கடற்கரை

அம்மாவுக்குப் பெரிய பாலம் என்றால் ஆகாது. கார் ஏறும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோமுகி அணைக் கரையில் மட்டும் எந்தப் பயமும் இல்லாமல் நடப்பார், அது வேறு கதை. இப்போது கடல் பார்க்க வேண்டுமாம்.

இராமேஸ்வரம் முதலிலேயே அடிபட்டது. 1988-இல் திறந்த இந்திரா காந்தி பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதை விட்டால் தீவுக்கு வேறு சாலை கிடையாது. "ரயிலில் போகலாமே" என்றான் தம்பி. அதுவும் பாலம்தானடா! 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். இதைக் கேட்டதும் அம்மா பேச்சையே மாற்றிவிட்டார்.

தரங்கம்பாடி என்றால் கொள்ளிடம் ஆற்றுப் பாலம் குறுக்கே வரும். புதுச்சேரி பக்கம்தான், ஆனால் தென்பெண்ணை விடாது. நாங்கள் ஆற்றுக்குத் தெற்கே, புதுச்சேரி வடக்கே. விழுப்புரம், திருக்கோவிலூர், கடலூர் என எந்த வழியில் போனாலும் எங்காவது தாண்டித்தான் ஆகணும். ஆற்றில் வெறும் மணல் கிடந்தாலும் பாலத்தின் நீளம் குறையுமா என்ன?

மிஞ்சியது கடலூர் தேவனாம்பட்டினம். உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகப் போனால் மணிமுத்தாறு, கெடிலம் என்று சின்ன ஆறுகள்தான். வழியில் அம்மா கவனத்தைத் திருப்பப் பண்ருட்டிப் பலாச்சுளை இருக்கிறது. கத்தியில் எண்ணெய் தடவி, பிசின் ஒட்டாமல் கீறி, சுளை சுளையாக எடுத்துக் கொடுப்பார்கள். கையில் அது இருந்தால் முந்தானை முகத்துக்குப் போகாது.

கடலூர் நண்பர்களே, ஞாயிறு மாலை அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்குமா?